ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதிக்கிறதே, வெப்பமானி பழுதா?

மூன்று முறை அளந்தும் 93 டிகிரி செல்சியஸ்தான், துல்லியம் போய்விட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். போகவில்லை.

திரும்பத் திரும்ப அளக்கும்போது அளவுகள் ஒன்றையொன்று ஒட்டி வந்தால் அது நுட்பம். உண்மை மதிப்புக்கு அருகில் வந்தால் துல்லியத்தன்மை. உங்கள் அளவீட்டில் நுட்பம் சரி. சிக்கல், உண்மை மதிப்பு 100 என்று நீங்கள் நினைத்துக்கொண்டதில். அது கடல்மட்டக் காற்றழுத்தத்துக்கான கணக்கு. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே அழுத்தம் குறைவு, தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். (மலையில் குக்கர் இல்லாமல் பருப்பு வேகவைத்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்!)

சந்தேகம் தீர, நொறுக்கிய பனிக்கட்டியும் தண்ணீரும் கலந்து அதில் வெப்பமானியை வையுங்கள். உருகுநிலை உயரத்தால் அவ்வளவாக மாறாது. 0 காட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் 2 காட்டினால் அது முறையான பிழை. நூறு முறை அளந்து சராசரி எடுத்தாலும் போகாது. அளவுகள் மேலும் கீழுமாகச் சிதறினால் ஒழுங்கற்ற பிழை. சராசரி குறைப்பது அதைத்தான்.

அப்புறம், காற்றழுத்தமும் இந்தச் சோதனையில் ஒரு மாறிதான், அதாவது முடிவை மாற்றக்கூடிய ஓர் அளவு. ஊரின் உயரத்தையாவது நோட்டில் குறித்து வையுங்கள்.