கேளுங்க, சொல்றோம்: கறிவேப்பிலை

கேள்வி: அக்கா, கொல்லையில ரெண்டு வருஷமா ஒரு கறிவேப்பிலை கன்னு நிக்குது, முழங்காலுக்கு மேல வளரவே மாட்டேங்குது. ஐப்பசி மழையில இலை மஞ்சளாகி கொட்டிடுச்சு. தினம் தண்ணி ஊத்தத்தான் செய்யுறேன். – வாசகி, மன்னார்குடி

பதில்: மொதல்ல அந்த தினத்தண்ணிய நிறுத்தும்மா! நம்ம டெல்டா களிமண்ணு தண்ணிய புடிச்சு வச்சுக்கும், நெல்லுக்கு அது சரி, இதுக்கு வேர் அழுகிடும். செடிய சுத்தி சின்னதா வாய்க்கா வெட்டி தண்ணிய வடிய விடு, மணலும் மக்குன சாணி எருவும் கலந்து போடு, மேல்மண்ணு காஞ்சா மட்டும் ஊத்து. மாசி பொறந்து வெயில் ஏறுனதும் நுனிய கிள்ளு, பக்கக்கிளை வெடிக்கும். பூ வந்தாலும் கிள்ளிடு.

இலைய புழு கடிச்சிருக்கான்னும் பாரு. எலுமிச்சையும் இதுவும் ஒரே குடும்பம், அதனால எலுமிச்சைக்கு வர்ற பட்டாம்பூச்சி இங்கயும் முட்டை வைக்கும், குட்டிப்புழு காக்கா எச்சம் மாதிரியே இருக்கும், ஏமாந்துடாத. கையால எடுத்துப் போட்டா போதும், திங்கிற இலைக்கு மருந்தெல்லாம் எதுக்கு?

தழைச்சதும் கொழம்பு வை. நல்லெண்ணெயில ஒரு ஸ்பூன் மிளகு, ரெண்டு ஸ்பூன் உளுந்து, மூணு வரமிளகா வறுத்து, அடுப்ப அணைச்சுட்டு அந்த சூட்டுலயே ரெண்டு கைப்பிடி இலைய பெரட்டு, கருக விட்டா கசக்கும். நெல்லிக்கா அளவு புளியோட அரைச்சு, உப்பு போட்டு, எண்ணெய் பிரியிற வரைக்கும் கொதிக்க விடு. சுட்ட அப்பளம் மட்டும் போதும், வேற கறியே வேணாம்.