பாலத்தில் நடந்தவர்கள் யார்?

வணக்கம் சார்,

ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டில் தன்பாலீர்ப்பினரும் திருநரும் தங்கள் உரிமைக்காக நடத்தும் பிரைடு பேரணிக்கு ஆதரவாக நீங்கள் எழுதியதைப் படித்தேன். எனக்கு யார்மேலும் வெறுப்பு கிடையாது. ஆனால் ஒரு நாட்டின் நாடாளுமன்றமே சட்டம் போட்டுத் தடுத்த ஊர்வலத்தில் வேறு நாட்டு எம்.பி.க்களும் அமைச்சர்களும் போய் நடப்பது தலையீடுதானே? குழந்தைகளைப் பாதுகாக்கத்தான் அந்தச் சட்டம் என்றுதானே அங்கே சொன்னார்கள்? அப்புறம், கோவையில் உட்கார்ந்துகொண்டு நாம் அவர்களுக்கு ஆதரவாக ஒரு மனுவில் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகிவிடும்?

ஒரு வாசகர், கோவை

*

அன்புள்ள நண்பருக்கு,

மனதில் பட்டதை நேராகக் கேட்டிருக்கிறீர்கள், நன்றி. குழந்தைகள் விஷயத்தையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். அந்தத் தடை முழுக்க அதன்மேல்தான் நிற்கிறது.

2021-ல் ஹங்கேரியில் ஒரு சட்டம் வந்தது. தன்பாலீர்ப்பு, பாலின மாற்றம் பற்றிய எதுவும் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்கள் கண்ணில் படக்கூடாது என்பது அதன் சாரம். 2013-ல் ரஷ்யா போட்ட சட்டத்தின் சாயல் அதில் அப்படியே தெரியும். புத்தகக் கடைகளில் அது என்ன செய்தது என்று பாருங்கள். இரண்டு பையன்கள் ஒருவரையொருவர் விரும்புகிற கதை என்றால் அந்தப் புத்தகத்தை உறை போட்டு மூடித்தான் விற்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்கோ தேவாலயத்துக்கோ 200 மீட்டருக்குள் இருக்கிற கடையில் வைத்திருக்கவே கூடாது. 2023-ல் ஒரு பெரிய புத்தகக் கடை நிறுவனத்துக்கு 12 மில்லியன் ஃபோரிண்ட் (ஹங்கேரி நாணயம்) அபராதம் விதித்தார்கள். பதின்வயதுப் பிள்ளைகள் படிக்கிற ஒரு படக்கதையை, உறை போடாமல் இளையோர் பகுதியில் வைத்து விற்றதுதான் குற்றம்.

அதே ஆட்சியில்தான் இன்னொன்றும் நடந்தது. ஒரு குழந்தைகள் காப்பகத்தில் நடந்த பாலியல் கொடுமையை மூடி மறைக்கத் துணைபோனதாகத் தண்டனை பெற்றவருக்குக் குடியரசுத் தலைவர் கட்டாலின் நோவாக் மன்னிப்பு வழங்கினார். விஷயம் வெளியே வந்து மக்கள் தெருவில் இறங்கினார்கள். 2024 பிப்ரவரியில் அவர் பதவி விலகினார். காப்பகத்துப் பிள்ளைகளைக் கெடுத்தது எந்த வானவில் கொடியும் இல்லை. இதைத் தெரிந்துகொண்டபிறகு, அந்தச் சட்டம் குழந்தைகளுக்காகத்தான் என்பதை என்னால் நம்ப முடியவில்லை.

சரி, பேரணிக்கு வருவோம். 2025 மார்ச் 18 அன்று, பொதுக்கூட்டங்கள் பற்றிய சட்டத்தைத் திருத்தி, 2021-ன் சட்டத்தை மீறுகிற கூட்டங்களையே தடை செய்தார்கள். கலந்துகொள்பவருக்கு 2 லட்சம் ஃபோரிண்ட் வரை, அதாவது ஏறக்குறைய 500 யூரோ அபராதம். தடையை மீறி நடத்துபவருக்கு ஓராண்டு வரை சிறை. வந்தவர்கள் யார் என்று கண்டுபிடிக்க முகங்களை அடையாளம் காணும் கேமரா.

என்னை உலுக்கியது அந்தக் கேமராதான். சென்னையில் நடக்கும் வானவில் சுயமரியாதைப் பேரணிக்கு நான் முதன்முதலாகப் போனபோது, பக்கத்தில் நடந்த தம்பி கைக்குட்டையால் கண் மட்டும் தெரிய முகத்தைக் கட்டியிருந்தார். அவருடைய மாமாவின் கடை இரண்டு தெரு தள்ளி இருந்ததாம். கோஷம் போடும்போது துணி வாய்க்குள் போகும், இழுத்துவிட்டுக்கொண்டு மறுபடியும் கத்துவார். பிரைடு என்ற சொல்லுக்கு நம்மவர்கள் பெருமை என்று போடாமல் சுயமரியாதை என்று போட்டது எவ்வளவு சரி என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அந்தத் தம்பிக்கு மாமாவை நினைத்து பயம். புடாபெஸ்டில் அந்த மாமாவின் இடத்தில் அரசாங்கமே வந்து நின்றது.

இப்போது தலையீடு. ஜூன் 28 பேரணியை மாநகராட்சியின் சொந்த நிகழ்ச்சி என்று அறிவித்தவர் புடாபெஸ்ட் மேயர் கெர்கெய் கராசோனி. அந்த ஊர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர். மாநகராட்சி நிகழ்ச்சிக்கு போலீஸ் அனுமதி தேவையில்லை என்றார் அவர். போலீஸ் அதையும் ஏற்காமல் தடை விதித்தது. அப்படியும் நடந்தது. ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர்கள் எழுபது பேருக்குமேல் வந்தார்கள், ஸ்பெயினின் பண்பாட்டு அமைச்சர் வந்தார். முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளின் தூதரகங்கள் சேர்ந்து ஆதரவு அறிக்கை விட்டன. இவர்களை எல்லாம் கூட்டினாலும் சில நூறு தேறுமா? தெருவுக்கு வந்ததோ ஒரு லட்சத்துக்குமேல். அமைப்பாளர்கள் இரண்டு லட்சம் வரை என்றார்கள். 1997-ல் தொடங்கிய பேரணி அது, இத்தனை கூட்டம் ஒருநாளும் கூடியதில்லை. டான்யூப் ஆற்றின்மேல் இருக்கும் வெள்ளை எலிசபெத் பாலத்தை மேலேயிருந்து எடுத்த படத்தைப் பாருங்கள். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை தலை, தலை, தலை. அவர்களில் மிகப் பெரும்பாலோர் தங்கள் முகத்தைக் காட்டிக்கொண்டு நடந்த ஹங்கேரிக்காரர்கள்.

அப்படியானால் வெளியே இருந்து போனவர்கள் எதற்கு? சாட்சிக்கு. அடித்தால் அந்த அடி மறுநாளே பல நாடாளுமன்றங்களில் பேசப்படும் என்பது போலீஸுக்குத் தெரிந்திருந்தது. கடைசியில் அடி விழவில்லை. கலந்துகொண்டவர்கள்மேல் நடவடிக்கை இல்லை என்று ஜூலையில் போலீஸே அறிவித்தது. கூட்டத்தின் அளவும் அதற்குக் காரணம், வெளியார் கண்களும் காரணம் என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் போனவர்கள்மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அவர்கள் திங்கட்கிழமை அவரவர் ஊரில் இருந்தார்கள். மேயரை ஆகஸ்டில் சந்தேக நபராக விசாரணைக்கு அழைத்தார்கள். அக்டோபரில் தெற்கே பேச் என்கிற, புடாபெஸ்டைவிடச் சிறிய நகரத்தில் பேரணி வந்தது. அதற்கும் தடை. ஆயிரக்கணக்கானோர் தடையை மீறி நடந்தார்கள். புடாபெஸ்ட் அளவுக்கு அமைச்சர்களும் கேமராக்களும் அங்கே இல்லை. அதை ஏற்பாடு செய்தவர்மேல் குற்ற வழக்கு பாய்ந்தது. ஆதரவு என்று சொன்னவர்கள் அதிகம் தேவைப்பட்டது அங்கேதான்.

உங்கள் கையெழுத்துக்கு வருகிறேன். அது தடையை நீக்காது, உண்மைதான். ஆனால் வழக்கில் நிற்கிறவருக்கு, தன் பெயரை வெளியே நாலு பேர் கவனிக்கிறார்கள் என்பது தெம்பு. அவர்மேல் கைவைக்கிறவர்களுக்கும் அது தெரியும். இரண்டு விஷயம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஊர் அமைப்பாளர்களே கேட்டுக்கொண்ட மனுவா என்று பார்த்துப் போடுங்கள், அவர்களுக்கு எது உதவும், எது ஆபத்து என்று அவர்களுக்குத்தான் தெரியும். போட்டபிறகு வழக்கு என்ன ஆனது என்று விசாரித்துக்கொண்டே இருங்கள். ஆறு மாதம் கழித்து நீங்கள் எனக்கு மறுபடி எழுதினால், முதல் கேள்வியாக அதைத்தான் கேட்பேன்.

அன்புடன்.