மேசைக்கரண்டி எத்தனை மில்லி?

கேள்வி: ஒட்டுசுட்டான் பக்கம் அரை ஏக்கரில் மிளகாய் வைத்திருக்கிறேன். இலை சுருளுகிறது என்று கடையில் சொன்னதும் சோடாப் போத்தல் ஒன்றில் மருந்து ஊற்றித் தந்து, 16 லீற்றர் தாங்கிக்கு ஒரு மேசைக்கரண்டி விடச் சொன்னார்கள். இரண்டு தரம் அடித்துவிட்டேன். சுருளல் நிற்கவில்லை, இலை ஓரமும் கருகுகிறது. பக்கத்துத் தோட்டத்து அண்ணை 10 மில்லிதான் விடுகிறாராம். மேசைக்கரண்டி என்றால் எத்தனை மில்லி?

பதில்: தங்கச்சி, தேக்கரண்டி 5 மில்லிலீற்றர், மேசைக்கரண்டி 15. அவுஸ்திரேலியாவில் மட்டும் 20. அங்கிருந்து சொந்தக்காரர் அனுப்பிய அளவுக்கரண்டி வீட்டில் இருந்தால் பிடியில் பொறித்திருப்பதைப் பாருங்கள்.

ஆனால் இது கேக் அடிக்கிறவர்களின் கணக்கு. நாங்கள் குசினியில் மேசைக்கரண்டி என்று எடுப்பது சோறு சாப்பிடுகிற கரண்டியை. உங்கள் கடிதம் வந்த அன்று சிறிஞ்சில் தண்ணீர் எடுத்து எங்கள் வீட்டுக் கரண்டிகளை அளந்தேன். சாப்பிடுகிற கரண்டி 11 மில்லியில் வழிந்தது. சீனிப் போத்தல் கரண்டி 4. கறி அள்ளுகிற கரண்டி 24. நீங்கள் எதை எடுத்தீர்கள்? கடைசிக் கரண்டி என்றால் இலை கருகியதற்கு முதலில் அதைத்தான் சந்தேகிப்பேன்.

பாமசியில் 10 மில்லி சிறிஞ்ச் ஒன்று வாங்குங்கள். ஊசி வேண்டாம், குழாய் போதும். பிள்ளைகளுக்கு எட்டாமல் மருந்தோடு வைத்துப் பூட்டுங்கள். மருந்து தொட்ட கரண்டி எத்தனை தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவினாலும் குசினிக்குத் திரும்பக் கூடாது. இதில் நான் யாரோடும் சமாதானம் பேச மாட்டேன். தூள் மருந்துக்குக் கரண்டி இன்னும் மோசம். மில்லி இடத்தை அளக்கும், கிராம் நிறையை. ஒரே கரண்டியில் குத்தி அள்ளினால் ஒரு நிறை, தளர அள்ளினால் வேறு நிறை. அதற்குச் சின்ன டிஜிட்டல் தராசுதான் வழி.

அண்ணையின் 10 மில்லி உங்களுக்குச் சரிவருமா? அவர் அடிப்பதும் உங்கள் போத்தலில் இருப்பதும் ஒரே மருந்தா என்பதே தெரியாதே. சில்லறையாய் ஊற்றி விற்கிற கடைக்கு இனிப் போகாதீர்கள். மருந்தின் பெயர் இல்லை, அளவு இல்லை, அடித்து எத்தனை நாளில் காய் பறிக்கலாம் என்பதும் இல்லை. முழுப் போத்தலில் இதெல்லாம் தமிழிலேயே அச்சடித்திருக்கும். "ரெண்டு மூடி விடுங்கோ" என்கிறவரும் இதே ஆள்தான். போத்தலுக்குப் போத்தல் மூடி வேறு.

சரி, நீங்கள் கேட்காததுக்கு வருகிறேன். இலை எந்தப் பக்கம் சுருளுகிறது? ஓரம் மேல்நோக்கி மடிந்து வள்ளம் போல நின்றால் பெரும்பாலும் பனிப்பூச்சி (த்ரிப்ஸ் என்கிற, சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சி). கீழ்நோக்கிக் கவிழ்ந்து, இலைக்காம்பும் நீண்டிருந்தால் சிற்றுண்ணி. பனிப்பூச்சிக்கு அடிக்கிற பல மருந்துகள் சிற்றுண்ணியைத் தொடவே தொடாது. அளவு சரியாக இருந்தாலும் சுருளல் நின்றிராது. சிற்றுண்ணிக்கு நனையும் கந்தகம், அதாவது தண்ணீரில் கலக்கி அடிக்கிற கந்தகத் தூள், கேட்கும். அதை உச்சி வெயிலில் அடிக்கக் கூடாது. வேப்பெண்ணெய் அடித்திருந்தால் இரண்டு கிழமை பொறுக்க வேண்டும்.

இப்போதைக்கு எதையும் அடிக்காதீர்கள். சுருண்ட நுனிக் கொப்பு இரண்டை முறித்து, வாட முன் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். அந்தச் சோடாப் போத்தலையும் கொண்டுபோங்கள், சாப்பாட்டுப் பையில் வைக்காமல்.