டூத்லெஸ்: வால் முளைக்காத டிராகன்

சின்ன வயதில் அதிகம் பிடித்த அனிமேஷன் கதாபாத்திரம் எது, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். யோசிக்கவே வேண்டாம், டூத்லெஸ்தான். 2010இல் வந்த 'ஹவ் டு டிரெயின் யுவர் டிராகன்' படத்தின் கறுப்பு டிராகன்.

எனக்கு அப்போது எட்டு வயது. வடபழனியில் எங்கள் தெருமுனை சிடி கடையிலிருந்து மாமா வாடகைக்கு எடுத்து வந்தார். நான் தமிழ் மீடியம், மற்றவர்கள் பேசியது பாதிக்கு மேல் புரியவில்லை. ஆனால் டூத்லெஸ் பேசவே பேசாதே! பூனை மாதிரி தலையைச் சாய்த்துப் பார்க்கும், தின்ற மீனில் பாதியைக் கக்கி ஹிக்கப் என்கிற அந்தப் பையனுக்குப் பங்கு வைக்கும், அவன் மண்ணில் படம் வரைவதைப் பார்த்துவிட்டுத் தானும் ஒரு மரத்தை இழுத்துவந்து கிறுக்கும், அந்தக் கோட்டை மிதித்தால் உறுமும். கடைசியில் அவன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு கையை மட்டும் நீட்ட, மெதுவாக வந்து மூக்கை வைக்கும். வசனமே இல்லாமல் ஜான் பவலின் இசையிலேயே ஓடுகிற காட்சி அது. பற்களை ஈறுக்குள் இழுத்துக்கொள்ளும் என்பதால் அந்தப் பெயர். எங்கள் ஆயா அதைப் பொக்கைவாயன் என்றுதான் கூப்பிடுவார்.

சரி, ஏன் இத்தனை பிடிக்கும் என்றால், அந்த வால். ஹிக்கப் எறிந்த கயிற்றுப் பொறியில் சிக்கி விழுந்ததில் வாலின் இடது துடுப்பு போய்விடும், தனியாகப் பறக்க முடியாது. அவனே தோலும் இரும்பும் வைத்து ஒரு துடுப்பு செய்து, ஏறி உட்கார்ந்து காலால் மிதித்து அதை இயக்குவான். படம் முடியும்போது ஹிக்கப்புக்கும் இடது கால் பாதி போய்விடும். கண்விழித்து, செயற்கைக் காலை ஊன்றித் தடுமாறுகிறவனைத் தன் தலையால் தாங்கி வாசல்வரை கூட்டிப் போவது டூத்லெஸ்தான்.

மாமாவுக்குக் குழந்தையிலேயே போலியோ. காலுக்குத் தாங்கலாகக் காலிப்பர் மாட்டித்தான் நடப்பார், பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் ஓட்டுவார். நம் சாமிப் படங்களில் க்ளைமாக்ஸில் அம்மன் வந்தால் நடக்க முடியாதவர் எழுந்து நடந்துவிடுவார், அந்த மாதிரி காட்சி வந்தாலே மாமா எழுந்து வெளியே போய்விடுவார். இந்தக் காட்சிக்குப் போகவில்லை. "இன்னொரு வாட்டி போடு பாப்பா" என்றார். அன்றைக்கு நான்கு முறை போட்டோம்.

2011இல் வந்த குறும்படத்தில் தானாகவே விரிகிற வால் ஒன்றை ஹிக்கப் செய்து கொடுப்பான். டூத்லெஸ் அதைத் தரையில் அடித்து நொறுக்கிவிட்டுப் பழைய வாலைக் கேட்கும். எனக்கு எல்லாவற்றையும்விட அந்த இடம் பிடிக்கும்.

2019இல் மூன்றாவது படத்தை நான் மட்டும் தியேட்டரில் பார்த்தேன். அப்படித் தானாக விரிகிற வாலோடு இந்த முறை டூத்லெஸ் ஹிக்கப்பை விட்டுப் பறந்து போய்விடுகிறது. வீட்டுக்கு வந்து அழுதுகொண்டே மாமாவிடம் கதை சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"வால் முளைச்சிடுச்சா?"

"இல்ல மாமா, அவன் செஞ்ச வால்தான்."

"அப்ப சரி" என்றார்.