மாட் ஓசியா, விலையா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல பேச்சோட பேச்சா "கேம் மாடுக்கு காசு வாங்கறது ஒண்ணும் பாவம் இல்ல"ன்னு ஒரு வரி எழுதிட்டேன், அவ்ளோதான், இந்த தடவை வந்த கேள்வில பாதிக்கு மேல அதப் பத்திதான். மாட்னா கேம் வாங்கினவங்களே அந்த கேமை நோண்டி, புதுசா ஆயுதம், ஊரு, கதைன்னு சேத்து விடற வேலை. கால்நடை இல்லீங்க, ஒரு அம்மா நெஜமாவே கேட்டிருந்தாங்க.

கே: ரசிகன் ஆசைக்கு பண்றதுக்குப் பேருதான் மாட். விலை போட்டா அது வெறும் வியாபாரம். 2015ல ஸ்கைரிம் கேம் ஆடற ஆளுங்க காசு மாடை விரட்டி அடிச்சது மறந்துடுச்சா சார்?

ப: எங்க மறக்கறது, அந்த நாலு நாளும் போனை கீழ வைக்கல நான். ஏப்ரல் 23ந்தேதி, ஸ்டீம்ங்கற ஆன்லைன் கேம் கடையை நடத்தற வால்வும் ஸ்கைரிமைப் பண்ண பெதஸ்டாவும் சேந்து, மாட் பகிர்ந்துக்கற பகுதியான ஸ்டீம் வொர்க்‌ஷாப்ல ஸ்கைரிம் மாட்ஸை விலைக்கு விக்கலாம்னு திறந்து விட்டாங்க, 27ந்தேதி கடையை மூடிட்டு வாங்கினவங்க காசையும் திருப்பி குடுத்துட்டாங்க. நடுவுல எதிர்ப்பு மனுல ஒரு லட்சத்துக்கு மேல கையெழுத்து, வால்வோட தலைவர் கேப் நியூவெல்லே ரெடிட்ல வந்து உக்காந்து பதில் சொல்ற நிலைமை. இத எல்லாரும் "காசு கேட்டான், அடிச்சோம்"னு ஒரே வரில முடிச்சிடறாங்க, எனக்கு அது சரியா படல.

மொதல்ல பங்கைப் பாருங்க. நாலு டாலருக்கு ஒரு மாட் வித்தா அத பண்ணவனுக்கு ஒரு டாலர். 25 சதவீதம். ஸ்டீமுக்கு 30, பெதஸ்டாவுக்கு 45. கண்ணு முழிச்சு பண்ணது ஒருத்தன், நோகாம நுங்கு தின்னது ரெண்டு பேரு. கேம் அவங்களோடது, கடை இவங்களோடது, பங்கே கேக்கக்கூடாதுன்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா 45 வாங்கறவங்க அந்த மாடை ஓட்டிப் பாத்தாங்களா, உள்ள இருக்கறது யாரோட சரக்குன்னு கேட்டாங்களா, நாளைக்கு ஓடலன்னா நாங்க பொறுப்புன்னு சொன்னாங்களா? மூணுக்குமே இல்லைங்கறதுதான் பதில்.

இதவிட பெரிய சிக்கல் ஒரு மீன் பிடிக்கற மாட். மொத நாள் விலைக்கு வந்ததுல அதுவும் ஒண்ணு, ஸ்கைரிம் ஆத்தங்கரைல நின்னு தூண்டில் போடலாம். கேம்ல வர்ற ஆளு தூண்டிலை வீசறப்போ கை அசையணும் இல்லையா, அந்த அசைவு வேலை செய்ய இன்னொருத்தர் வருஷக்கணக்கா ஓசியா குடுத்துட்டிருந்த அனிமேஷன் கருவியோட சரக்கு உள்ள இருந்துச்சு. அவர்கிட்ட கேக்கல. ஒரு நாள் முழுசா தாங்கல, மாடை விற்பனைல இருந்து எடுத்தாச்சு. இத்தனைக்கும் அத பண்ணவர் திருடன் எல்லாம் இல்ல, ஓசி உலகத்துல பழகின பழக்கம் அது, உன் ஃபைலை நான் எடுத்துப்பேன், என் ஃபைலை இன்னொருத்தன் எடுத்துப்பான், பேரு மட்டும் போட்டா போதும். விலைச்சீட்டு ஒட்டின நிமிஷம் அதே பழக்கம் கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைச்ச கதை ஆயிடுது. அதனாலதான் நான் சொல்றது, காசு வாங்கறது பிரச்சனை இல்ல, யாரோட தேங்காய்னு கணக்கு இல்லாம காசு வாங்கறதுதான் பிரச்சனை.

இன்னொண்ணு, இந்த சண்டை 2015ல பொறந்ததும் இல்ல. டூம் கேமுக்கு ஒரு ரசிகர் குழு முழுசா ஒரு லெவல் தொகுப்பு பண்ணி 1995ல ஓசியா விடப் போறாங்க, எல்லாரும் காத்துட்டு இருக்காங்க, கடைசி நேரத்துல டூமைப் பண்ண கம்பெனி ஐடி சாஃப்ட்வேர் அத விலைக்கு வாங்கிட்டு 1996ல ஃபைனல் டூம்னு டப்பால போட்டு வித்துச்சு. அப்பவே ஜனங்க கொதிச்சாங்க.

கே: மூணு வருஷமா ஒரு ஆர்பிஜி (கதாபாத்திரமா மாறி ஆடற) கேமுக்கு மாட் பண்றேன் அண்ணா. ஓசிதான். தினமும் "ஏன் அப்டேட் இல்ல"ன்னு திட்டறாங்க. வேலைக்கு போயிட்டு வந்து ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உக்காந்து பண்றேன். விலை போடலாமா?

ப: தம்பி, உழுதவன் கணக்குப் பாத்தா உழக்குகூட மிஞ்சாதுன்னு சொல்லுவாங்க, மாட் பண்றவன் மணிக்கணக்கு பாத்தா அந்த உழக்கே கண்ணுல படாது. உன் கோவம் நியாயம்தான். ஆனா விலை போடறதுக்கு முன்னாடி அந்த கேமோட லைசென்ஸை ஒரு தடவை முழுசா படிச்சிடு, நம்மள்ல முக்காவாசி பேரு ஓகே அழுத்திட்டு போற பக்கம் அது.

சட்டம் பக்கம் கொஞ்சம் கசப்பு. டியூக் நியூகெம் 3டி கேமுக்கு ரசிகருங்க பண்ண 300 லெவலை எறக்கி, ஒரு கம்பெனி சிடில போட்டு வித்துச்சு. 1998ல அமெரிக்க அப்பீல் கோர்ட் என்ன சொல்லிச்சுன்னா, அந்த லெவல் ஃபைல்குள்ள கேமோட படம் ஒண்ணுகூட இல்லன்னாலும், அது டியூக் கதையோட தொடர்ச்சிதான், தொடர்ச்சி எழுதற உரிமை கேமோட சொந்தக்காரனுக்குத்தான். அதாவது நீ ஒவ்வொரு வரியும் சொந்தமா எழுதினாலும், அனுமதி இல்லாம விக்கிறது சிக்கல்தான்.

கம்பெனிக்கு கம்பெனி விதி வேற. மைன்கிராஃப்ட்ல நீ பண்ண மாட் உன்னோடது, ஆனா விக்கக்கூடாது. சிம்ஸ் 4 கேமுக்கு அதோட கம்பெனி ஈஏ 2022ல சொன்னது நடுவாந்தரமா இருக்கும், காசு குடுக்கறவங்களுக்கு கொஞ்ச நாள் முன்னாடி குடுத்துக்கோ, அப்புறம் எல்லாருக்கும் ஓசியா தொறந்துடணும். எனக்கு இருக்கறதுலயே இதுதான் பிடிக்கும். ஜிடிஏ கேமோட சொந்தக்கார கம்பெனி டேக் டூ அதே 2022ல, ரசிகருங்க காசு குடுத்து ஆதரிக்கற பேட்ரியான் தளத்துல மாசாமாசம் காசு வாங்கிட்டு ஜிடிஏ 5ஐ விஆர் கண்ணாடில ஆட வெச்ச ஒருத்தரோட மாட்ஸை நோட்டீஸ் விட்டு எடுக்க வெச்சுடுச்சு.

உனக்கு நான் சொல்றது, டோனேஷன் பட்டன் வை, கூச்சமே படாத. மாட்ஸ் பகிர்ந்துக்கற நெக்ஸஸ் மாட்ஸ் தளத்துல 2018லருந்து டவுன்லோடு கணக்கு வெச்சு மாடருங்களுக்கு பாயிண்ட்டா பிரிச்சு குடுக்கறாங்க, அதையும் ஆன் பண்ணிக்கோ. வேலையை விடற அளவுக்கெல்லாம் வராது, எதிர்பாத்துடாத. அப்புறம் திட்டற மெசேஜை எல்லாம் படிக்கணும்னு எந்த லைசென்ஸ்லயும் எழுதல.

கே: ஃப்ளைட் சிமுலேட்டர் (விமானம் ஓட்டற கேம்) ஆடறவங்க ஒரு விமானத்துக்கு கேம் விலை அளவுக்கே காசு குடுக்கறாங்களே, அங்க மட்டும் ஏன் யாரும் கத்தறதில்ல?

ப: இந்த கேள்வி கேட்டவருக்கு ஒரு சல்யூட், நானும் இத பல வருஷமா யோசிச்சிருக்கேன். அங்க ஆட்-ஆன்னு பேரு, ரொம்ப காலமா விலைக்குத்தான் வருது, அதனால "நேத்து வரைக்கும் ஓசி, இன்னைக்கு காசா"ங்கற அடி யாருக்கும் விழல. காக்பிட்ல இருக்கற ஒவ்வொரு சுவிட்சையும் அவங்களே மொதல்லருந்து மாடல் பண்றாங்க, பக்கத்து வீட்டு ஃபைல் உள்ள வர்றதில்ல, வாங்கினவனுக்கு கைடு இருக்கு, சந்தேகம் கேட்டா பதில் சொல்ல ஆளு இருக்கு, கேம் அப்டேட் ஆனா இவங்களும் பேட்ச் விடறாங்க. அங்க வாங்கறவனுக்கு தான் என்ன வாங்கறோம்னு தெரியும். ஸ்கைரிம் மாட் அப்படியா, ஒண்ணு ஓட அடியில நாலு வேணும், அந்த நாலும் வேற வேற ஆளோடது.

கே: மாட் எல்லாம் ஓசின்னா கேம் கம்பெனிக்கு என்னதான் லாபம்?

ப: ஆர்மா 2ன்னு 2009ல வந்த ராணுவ கேம், 2012ல டேஇசட்னு ஒரு ஓசி மாட் வந்ததும் ஸ்டீம் விற்பனைல உச்சிக்கு போச்சு. மூணு வருஷப் பழசு, சாமி! மாட் ஆடணும்னா அசல் கேமை வாங்கியே ஆகணும்ல. கவுன்டர் ஸ்ட்ரைக் ஹாஃப் லைஃபோட மாட்தான், டோட்டா வார்கிராஃப்ட் 3லருந்து வந்தது. 45 சதவீதம் கேட்டவங்க இந்தக் கணக்கை எந்த நோட்டுல எழுதினாங்களோ தெரியல.

கே: பேவால் (காசு கட்டினாதான் திறக்கும்) போட்ட மாடை உடைச்சு ஓசியா போடறது புண்ணியம்தானே?

ப: இல்ல. 2023ல பெதஸ்டாவோட ஸ்டார்ஃபீல்ட் கேம் வந்தப்போ, கேமை வேகமா ஓட வைக்கற டிஎல்எஸ்எஸ் வசதி இல்லாம வந்துச்சு, ஒரு மாடர் அத சேத்து குடுத்து, அதுல ஒரு பகுதிக்கு பேட்ரியான்ல காசு வாங்கினார், பூட்டும் போட்டார், ஜனங்க உடைச்சுட்டாங்க. பூட்டு எனக்கும் பிடிக்கல, அதுக்காக உடைச்சவன் சமூக சேவகன் ஆயிட மாட்டான். அதே வசதியை இன்னொருத்தர் சொந்தமா எழுதி ஓசியா விட்டார் பாருங்க, அவரைக் கொண்டாடலாம். அந்த வருஷம் முடியறதுக்குள்ள கம்பெனியே கேம்ல சேத்துடுச்சு, சண்டை போட்ட எல்லாரும் கலைஞ்சு போயிட்டாங்க.

கே: இப்பதான் பெதஸ்டாவே சரி பார்த்து விக்கறாங்களே, இனிமே பிரச்சனை தீந்ததா?

ப: பாதி. 2017ல கிரியேஷன் க்ளப்னு ஆரம்பிச்சாங்க, அது கம்பெனியே ஆளைத் தேர்ந்தெடுத்து காசு குடுத்து பண்ண வைக்கற முறை, அதனால தேங்காய் பஞ்சாயத்து கொறஞ்சுது. 2023 டிசம்பர்ல கிரியேஷன்ஸ்னு மாத்தி, அங்கீகாரம் வாங்கின மாடருங்க அவங்களே விலை வெச்சு விக்கலாம்னு விட்டாங்க. இது 2015 யோசனையவிட எவ்வளவோ மேல், ஒத்துக்கறேன். ஆனா 2024ல ஸ்டார்ஃபீல்டுக்கு கம்பெனியே பண்ண ஒரே ஒரு மிஷனுக்கு 7 டாலர்னு போட்டு மறுபடி வாங்கிக் கட்டிக்கிட்டாங்க. அப்புறம் அப்டேட் பிரச்சனை அப்படியேதான் இருக்கு, 2021 நவம்பர்ல ஸ்கைரிம் பத்தாவது ஆண்டு அப்டேட் வந்ததும் ஸ்க்ரிப்ட் எக்ஸ்டெண்டர்ங்கற ஓசி கருவியை நம்பி இருந்த மாட்ஸ் எல்லாம் ஒரே ராத்திரில படுத்துச்சு. அத நிமித்தினது பூரா சம்பளம் இல்லாத ஆளுங்க. அன்னைக்கு அதெல்லாம் விலைக்கு வித்த சரக்கா இருந்திருந்தா யாரு போய் யாரு கதவத் தட்டறது?

கே: நீங்க கடைசியா காசு குடுத்து வாங்கின மாட் எது? உண்மைய சொல்லணும்.

ப: ஒரு ரேஸ் கேமுக்கு கார். ஸ்க்ரீன்ஷாட்ல பளபளன்னு இருந்துச்சு, கேம் பேரும் வித்தவர் பேரும் வேணாம். ஓட்டிட்டே இருக்கேன், டேஷ்போர்டுல கிலோமீட்டர் மீட்டர் மட்டும் அசையல, எவ்ளோ ஓட்டினாலும் அதே அஞ்சு இலக்க எண். எங்கயோ பாத்த எண்ணா இருக்கேன்னு வேற ஒரு பெரிய கேமை தொறந்து அதே காருல ஏறிப் பாத்தா, அங்கயும் அதே எண்ல நிக்குது. ஸ்டியரிங் மேல இருந்த கீறல்கூட அதே எடத்துல. முழுசா உருவிட்டு வந்து எனக்கு வித்திருக்கார். ரெண்டு ஸ்க்ரீன்ஷாட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு காசை திருப்பி குடுங்கன்னு மெயில் போட்டேன். ரெண்டு நாள் கழிச்சு பதில் வந்துச்சு, அடுத்த காருக்கு 20 சதவீத தள்ளுபடி கூப்பன்.