பல வருடம் நின்ற காரைத் தூக்குவதும் லாரியில் கட்டுவதும்

கேள்வி: அப்பா வாங்கிய 1997 மாடல் மாருதி 800, காரைக்குடி வீட்டுப் பின்கட்டில் ஆறு வருடமாக நிற்கிறது. தரை வெறும் மண். நான்கு டயரிலும் காற்று இல்லை. ஹேண்ட்பிரேக் போட்டபடியே விட்டுவிட்டோம். அதைச் சென்னைக்குக் கொண்டுவந்து சரிசெய்ய ஆசை. வீட்டில் பழைய ஜாக்கி ஒன்று இருக்கிறது. அடியில் செங்கல் அடுக்கித் தூக்கலாமா? லாரிக்காரர் பம்பரில் கயிறு போட்டுக் கட்டிவிடலாம் என்கிறார். சரியா?

பதில்: செங்கல்லும் வேண்டாம், பம்பரில் கயிறும் வேண்டாம். ஜாக்கி காரைத் தூக்குவதற்கு மட்டும்தான். தூக்கிய எடையைத் தாங்கி நிற்க வேறொன்று வேண்டும். லாரியின் வின்ச்சும், அதாவது கேபிளைச் சுற்றிக் காரை இழுக்கும் கருவியும், அப்படித்தான். காரை மேலே இழுத்துத் தரும், வழி நெடுக அதைப் பிடித்து வைக்காது. காருக்கு அடியில் கை நசுங்கும் விபத்துகளும், கார் லாரியிலிருந்து நழுவுவதும் பெரும்பாலும் இந்த இரண்டு வேலைகளையும் ஒரே கருவியிடம் ஒப்படைப்பதால் நடப்பவை.

முதலில் ஒரு நீளக் கம்பை எடுத்து அடியிலும் சக்கரங்களுக்குப் பின்னாலும் நன்றாகத் தட்டுங்கள். பாம்பும் தேளும் குடியிருக்க இதைவிட வசதியான இடம் கிடையாது. எலி வயரைக் கடித்திருக்கும், அதனால் பேட்டரி இன்னும் உள்ளே இருந்தால் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றிவிட்டு அதை வெளியே எடுத்துவிடுங்கள். அப்புறம் சாவியைப் போட்டு ஸ்டியரிங் லாக் விடுபடுகிறதா பாருங்கள். ஏற்றும்போது சக்கரம் திரும்பியே ஆகவேண்டும். சாவி தொலைந்திருந்தால் அதை லாரி வருவதற்கு முன்பே தீர்த்துக்கொள்ளுங்கள்.

இனி தூக்குவது. 800-இல் ஜாக்கி வைக்கும் இடம், கதவுக்குக் கீழே ஓடும் ரன்னிங் போர்டின் மடிப்பில், முன்சக்கரத்துக்குச் சற்றுப் பின்னாலும் பின்சக்கரத்துக்குச் சற்று முன்னாலும் இருக்கும். ஆனால் இந்த வயதுக் கார்களில் முதலில் துருப்பிடிப்பதே அந்த மடிப்புதான். ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்திக் குத்திப் பாருங்கள். தகடு உதிர்ந்தாலோ முனை உள்ளே போனாலோ அந்த இடத்தை மறந்துவிடுங்கள். எடை ஏறியதும் ஜாக்கி தகட்டைக் கிழித்துக்கொண்டு உள்ளே போகும், கார் கீழே வரும். அப்படியிருந்தால் முன்பக்கத்தை, முன்சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்ம் பாடியோடு சேரும் கனமான பகுதியிலும், பின்பக்கத்தை ஆக்சிலில் ஸ்பிரிங் உட்காரும் இடத்தை ஒட்டியும் தூக்கலாம். ஆயில் சம்ப், கியர்பாக்ஸ், பெட்ரோல் டேங்க், வெறும் தரைத்தகடு இவற்றின் மேல் ஜாக்கித் தலை படவே கூடாது.

மண் தரைதான் உங்களுக்குப் பெரிய சிக்கல். ஜாக்கியின் அடிப்பாகம் உள்ளங்கை அளவுதான். கால் டன் எடை ஏறியதும் ஒரு பக்கமாக மண்ணில் புதையும், ஜாக்கி சாயும். இரண்டு அங்குல கனமுள்ள அகலமான பலகையை மட்டமாகப் போட்டு அதன் மேல் வையுங்கள். சக்கரம் வைத்த டிராலி ஜாக்கி கொண்டுவந்தால் இன்னொரு விஷயம்: அதன் கை மேலே எழும்போது வளைந்துதான் எழும், அதற்கு ஈடாக ஜாக்கி சில அங்குலம் உருள வேண்டும். மண்ணில் அது உருளாது. தலை நழுவும், அல்லது கார் இழுபடும். கனமான பிளைவுட்டோ இரும்புத் தகடோ போட்டால்தான் அதைப் பயன்படுத்த முடியும்.

செங்கல், ஹாலோ பிளாக் இரண்டும் காருக்கு அடியில் வரவே கூடாது. எடை ஒரு ஓரத்தில் குவிந்தால் அவை முன்னறிவிப்பில்லாமல் நொறுங்கும். தூக்கிய காரைத் தாங்கி நிற்கும் ஜாக்கி ஸ்டாண்டு இரண்டு வாடகைக்கு எடுங்கள், அவற்றுக்கும் அடியில் பலகை போடுங்கள். கிடைக்காவிட்டால் ஒரே கனமுள்ள மரக்கட்டைகளை ஓர் அடுக்கு நீளவாட்டில், அடுத்த அடுக்கு குறுக்குவாட்டில் என்று அடுக்கிக்கொள்ளலாம்.

முன்பக்கத்தைத் தூக்கும்போது பின்சக்கரங்களுக்கு இரண்டு புறமும் கட்டை கொடுங்கள். பின்பக்கம் தூக்கும்போது முன்சக்கரங்களுக்கு. ஹேண்ட்பிரேக்கை நம்பாதீர்கள். அது பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும், அவை அந்தரத்தில் இருக்கும்போது அதனால் பயனில்லை. சக்கர நட்டுகளை, சக்கரம் தரையில் இருக்கும்போதே கால் சுற்று தளர்த்திக்கொள்ளுங்கள். ஆறு வருடத் துருவில் இறுகியிருக்கும்; துரு நீக்கும் எண்ணெயை முந்தின நாளே அடித்து வையுங்கள். தூக்கிய காரில் நின்று ஸ்பேனரை உலுக்கினால் கார் ஸ்டாண்டை விட்டு நகர்ந்துவிடும். ஸ்டாண்டில் இறக்கியதும் பக்கவாட்டில் நின்று காரைக் கையால் தள்ளிப் பாருங்கள். ஆடினால் மறுபடி செய்யுங்கள். கழற்றிய சக்கரத்தைக் கதவுக்குக் கீழே படுக்கப் போட்டு வைப்பது நல்ல பழக்கம்.

ஹேண்ட்பிரேக் லீவரை இறக்கினாலும் பின்சக்கரம் சுற்றாமல் போகலாம். பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டியிருக்கும். கேபிளின் நட்டைத் தளர்த்திவிட்டு, டிரம்மின் ஓரத்தைச் சுற்றிலும் சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் பெரும்பாலும் விடும். அந்தத் தூசியை ஏர் பிடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். ஈரத் துணியால் துடைத்து எடுங்கள்.

அடுத்தது லாரி. சின்ன யானையில் ஏற்றலாமா என்று யாராவது கேட்பார்கள். அதன் பெட்டி சுமார் 7 அடி, உங்கள் கார் ஏறக்குறைய 11 அடி. வின்ச் வைத்த, தளம் சாய்ந்து இறங்கும் ஃப்ளாட்பெட் ரெக்கவரி வண்டியையே பேசுங்கள். ஏற்றும்போது கியர் நியூட்ரலில் இருக்கட்டும். பிரேக் வேலை செய்யாத கார் என்பதால் ஒருவர் கட்டையோடு பக்கவாட்டில் நடந்து வந்து, கார் அடிக்கு அடி ஏற ஏறப் பின்சக்கரத்துக்குப் பின்னால் கட்டையை நகர்த்த வேண்டும். காருக்கு நேர் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. வின்ச் கேபிளின் நேர்க்கோட்டிலும் கூடாது, அறுந்தால் அது சாட்டையாக வீசும். கேபிளின் நடுவில் கனமான சாக்கு ஒன்றைப் போட்டால் அந்த வேகம் குறையும்.

கட்டுவதில்தான் நம் ஊரில் அதிகம் தவறு நடக்கிறது. லாரிக்காரர்கள் மூட்டை கட்டும் கை வேறு யாருக்கும் வராது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் மூட்டைக்குச் சக்கரமும் ஸ்பிரிங்கும் கிடையாது. பம்பரிலோ பாடியிலோ கட்டினால், பள்ளத்தில் இறங்கும்போது பாடி ஸ்பிரிங்கில் அமுங்கும், கயிறு ஒரு கணம் தளரும், கொக்கி கழன்றுகொள்ளும். கழலாவிட்டால் பாடி மேலே எழும்போது வெட்டி இழுக்கும். நைலான் கயிறு அந்த இழுப்பில் நீளவும் செய்யும். 800-இன் பம்பர் பிளாஸ்டிக், அதில் இழுவையே கொடுக்கக் கூடாது.

எவ்வளவு விசை வரும் என்று பார்ப்போம். சாலையில் சரக்கைக் கட்டுவதற்கான ஐரோப்பியக் கணக்கில், திடீர் பிரேக்குக்காக எடையில் 80 சதவீதத்தை முன்பக்கமாகவும், வளைவுக்காக 50 சதவீதத்தைப் பக்கவாட்டிலும் கட்டு தாங்க வேண்டும். உங்கள் கார் சுமார் 650 கிலோ. அப்படியானால் முன்னோக்கி 520 கிலோ, பக்கவாட்டில் 325 கிலோ. கைப்பிடியை ஆட்டி இறுக்கும் இரண்டு அங்குல ராட்செட் பெல்ட் நான்கு இருந்தால் இது எளிது. அமெரிக்க விதி இந்த எடைக் கார்களுக்கு முன்னாலும் பின்னாலும் பிடிக்கும்படி குறைந்தது இரண்டு கட்டு கேட்கிறது.

பெல்ட்டை டயரின் மேல் வளைத்துப் போட்டு இரண்டு முனைகளையும் லாரித் தளத்தின் கொக்கிகளில் மாட்டி இறுக்குங்கள். இப்படிச் சக்கரத்தைப் பிடித்துவிட்டால் பாடி தன் ஸ்பிரிங்கில் தாராளமாக ஆடிக்கொள்ளும், கட்டு தளராது. இரண்டு முன்னோக்கியும் இரண்டு பின்னோக்கியும் இழுக்கும்படி இருக்கட்டும். ராட்செட்டின் உருளையில் பெல்ட் ஒன்றரைச் சுற்றாவது சுற்றியிருக்க வேண்டும். கைப்பிடியை முழுக்க மடக்கி, மிச்ச நுனியை முடிந்துவிடுங்கள். பெல்ட் ஏதாவது தகட்டின் கூர்முனையில் உரசினால் பழைய டியூப் துண்டு ஒன்றை இடையில் கொடுங்கள். ஸ்டியரிங் ராடு, டிரைவ் ஷாஃப்ட், பிரேக் ஹோஸ் பக்கம் எந்தக் கொக்கியும் போகக் கூடாது.

இங்கே உங்கள் பழைய டயர்கள் குறுக்கே வருகின்றன. காற்று அடித்தால் ஏற்றும் வரை நிற்கும், சரி. ஆனால் பக்கச்சுவரில் வெடிப்பு விட்ட டயரில் வழியில் காற்று மெல்ல இறங்கினால், அதன் மேல் போட்ட பெல்ட்டும் கூடவே தளரும். சென்னை சுமார் 400 கி.மீ. ஓடுகிற நிலையில் உள்ள பழைய 12 அங்குல டயர்கள் நான்கை மாட்டியே ஏற்றுவது என் யோசனை. காற்று அடிக்கும்போதும் பக்கச்சுவருக்கு நேரே நிற்காமல் தள்ளி நில்லுங்கள்.

கட்டியதும் முதல் கியரில் போடுங்கள், நான்கு சக்கரத்துக்கும் கட்டை கொடுங்கள். ஹேண்ட்பிரேக்கை மறுபடி இழுக்க வேண்டாம், திரும்பவும் ஒட்டிக்கொள்ளும். வின்ச் கேபிள் மாட்டியே இருக்கட்டும், ஆனால் அதை ஒரு கட்டாகக் கணக்கில் சேர்க்காதீர்கள். பானெட் லாக் துருப்பிடித்திருந்தால் அதையும் கட்டுங்கள். டேங்கில் பழைய பெட்ரோல் இருந்தால் வடித்துவிடுங்கள். காருக்குள் யாரும் உட்கார்ந்து வரக் கூடாது. ஆர்.சி. நகலை டிரைவரிடம் கொடுத்தனுப்புங்கள்.

புதுக்கோட்டையில் ஒரு முறை நிறுத்தி நான்கு பெல்ட்டையும் கையால் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் 40 கி.மீ. குலுக்கலில்தான் எல்லாம் படிந்து கொஞ்சம் தளரும். அப்புறம் திருச்சி, விழுப்புரம் என்று டீக்கு நிறுத்தும் இடங்களில் பார்த்தால் போதும்.

இறக்கும்போது அவசரம் வேண்டாம். வின்ச் கேபிள் இறுக்கமாக இருப்பதை உறுதிசெய்துவிட்டு, தளம் சாய்வதற்கு முன் பெல்ட்டுகளைக் கழற்றுங்கள். கட்டைகளைக் கடைசியில் எடுங்கள். தெரு சரிவாக இருந்தால், கார் தரையைத் தொட்டதும் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்த பிறகே வின்ச் கொக்கியைக் கழற்ற விடுங்கள்.