கோல்டன் ரெட்ரீவரின் செதில் தோல்: கேள்வி பதில்

கேள்வி: எங்கள் கோல்டன் ரெட்ரீவர் குட்டிக்கு மூன்று மாதம். வயிற்றைத் தடவினால் வெள்ளைச் செதில்கள் உதிர்கின்றன. ஆனால் அது சொறிவதே இல்லை. பூஞ்சையா?

பதில்: சொறியவில்லை என்றீர்களே, அதுதான் துப்பு. உண்ணியோ ஒவ்வாமையோ என்றால் பெரும்பாலும் குட்டி சும்மா இருக்காது. இந்த இனத்தில் இக்தியோசிஸ் என்ற பரம்பரைக் கோளாறு சகஜம். மீனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். பழைய தோல் உரிய நேரத்தில் கழன்று விழாமல் செதிலாக ஒட்டிக்கொண்டு நிற்கும். இருந்தாலும் முதலில் மருத்துவரிடம் தோலைச் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மரபணுச் சோதனை பிறகு.

கேள்வி: தாய், தந்தை இரண்டுக்கும் தோல் பளபளவென்று இருந்ததே. விற்றவர் ஏமாற்றிவிட்டாரா?

பதில்: அவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம். பழுது பிஎன்பிஎல்ஏ1 என்ற மரபணுவில், 2012இல் கண்டுபிடித்தார்கள். நாயில் கிடைத்த தடயத்தை வைத்து, இதே மரபணு மனிதர்களிலும் இந்நோயை உண்டாக்குவதை அறிந்தார்கள். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று வரும் இந்த மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுதானால்தான் நோய். ஒன்று மட்டும் பழுதான நாய் கடத்தி; வெளியே எதுவும் தெரியாது. கடத்திகள் இரண்டு சேர்ந்தால் குட்டிக்கு நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு. நாலு குட்டியில் ஒன்று என்று எண்ணிவிடாதீர்கள். ஒவ்வொரு குட்டிக்கும் சீட்டு புதிதாகக் குலுக்கப்படுகிறது.

கேள்வி: மரபணுச் சோதனைக்கான மாதிரியை வீட்டிலேயே எடுக்கலாமா?

பதில்: எடுக்கலாம். பால் குடித்த வாயில் மட்டும் எடுக்காதீர்கள், தாயின் செல்கள் கலந்துவிடும். குட்டியை ஒரு மணி நேரம் பிரித்து வைத்து, கன்னத்தின் உட்புறம் பஞ்சுக்குச்சியை அழுத்தி உருட்டுங்கள். குச்சியைக் கடித்துத் துப்பிய குட்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்; இன்னொரு ஆள் பிடித்துக்கொண்டால் நல்லது. பஞ்சு நன்றாக உலர்ந்த பிறகே உறையில் போடுங்கள். ஈரத்தோடு அடைத்தால் கிருமி பெருகி மாதிரி கெட்டுவிடும்.

கேள்வி: என் பெண் நாய் கடத்தி என்று முடிவு வந்திருக்கிறது. கருத்தடை செய்துவிடவா?

பதில்: இதற்காக வேண்டாம். பழுதில்லாத ஆணோடு சேருங்கள். ஒரு குட்டிக்கும் நோய் வராது. சராசரியாகப் பாதிக் குட்டிகள் கடத்திகளாக இருக்கும், அவ்வளவுதான். கடத்திகளையெல்லாம் ஒதுக்கினால் அவற்றின் நல்ல இடுப்பெலும்பும் நல்ல குணமும் சேர்ந்தே போய்விடும்.

கேள்வி: ஜாக் ரஸ்ஸல் இன நாய்க்கும் இதே சோதனைதானா?

பதில்: இல்லை. அதில் பழுது டிஜிஎம்1 மரபணுவில். இனத்தைச் சொல்லிச் சோதனை கேளுங்கள்.

கேள்வி: நோய் உறுதியாகிவிட்டது. குணமாகுமா?

பதில்: ஆகாது. தினமும் சீவுங்கள், மருத்துவர் சொல்லும் செதில் நீக்கும் ஷாம்பு போடுங்கள். கோல்டனில் இது பெரும்பாலும் மிதமானதுதான். கறுப்புச் சோபா உறை மட்டும் வாங்காதீர்கள்.